டென்ட்டுக்கு அடியில் எதை விரிப்பது, எந்த அளவில் விரிப்பது?

கேள்வி சுருக்கமாக இது. இரண்டு பேர் படுக்கும் டென்ட் வாங்கியிருக்கிறீர்கள். தரை அளவு 7 அடிக்கு நாலரை அடி. அடியில் விரிக்க 9-க்கு 6 அடியில் நீலத் தார்ப்பாய், 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்). கொடைக்கானல் மேல்மலையில் ஒரு தோட்டத்தில் தங்கியபோது ராத்திரி நல்ல மழை. விடிந்து பார்த்தால் மெத்தை, போர்வை, பை எல்லாம் ஈரம். தார்ப்பாயில் ஓட்டை எதுவும் இல்லை. இன்னும் கனமான தார்ப்பாய் வாங்க வேண்டுமா, சில்பாலினுக்கு மாறலாமா, டைவெக் என்கிறார்களே, அது தேவையா?

எதை வாங்குவது என்பதை அப்புறம் பேசலாம். நீங்கள் கொடுத்த விவரங்களில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஜிஎஸ்எம் இல்லை, அளவு. டென்ட் 7 அடி, தார்ப்பாய் 9 அடி. அதாவது நீளவாக்கில் இரண்டு பக்கமும் ஒரு அடி, அகலவாக்கில் இரண்டு பக்கமும் முக்கால் அடி, தார்ப்பாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் ஈரத்துக்குக் காரணம் கிட்டத்தட்ட நிச்சயமாக அதுதான்.

எப்படி என்றால், டென்ட்டின் மேல் துணியில் விழும் மழை சரிந்து வந்து ஓரத்தில் சொட்டும். அந்த இடத்தில் மண் இருந்தால் மண் குடித்துவிடும். உங்களுக்கு அங்கே தார்ப்பாய் இருந்தது. தார்ப்பாய் தண்ணீரைக் கீழே விடாது, அதற்காகத்தானே வாங்கினோம். கீழே போக வழியில்லாத தண்ணீர் பக்கவாட்டில் ஓடும். இரண்டு பேர் படுத்திருக்கும் இடம் உடம்பின் கனத்தில் சற்றுப் பள்ளமாகத்தான் இருக்கும். ஆக, டென்ட் கூரையில் விழுந்த மழையில் ஒரு பங்கு தார்ப்பாய்க்கும் டென்ட் தரைக்கும் நடுவே வந்து தேங்கியிருக்கிறது. நீங்கள் தண்ணீர் தேங்கிய தட்டின் மேல் படுத்திருந்தீர்கள். தார்ப்பாய் 120 ஜிஎஸ்எம்மாக இல்லாமல் 250 ஆக இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

சரிசெய்வது எளிது. விரிப்பு டென்ட் தரையைவிடச் சுற்றிலும் நான்கைந்து சென்டிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் விரிப்பே தெரியக் கூடாது. மொட்டை மாடியில் தார்ப்பாயை விரித்து, அதன் மேல் டென்ட்டை நிறுத்தி, மார்க்கர் பேனாவால் சுற்றிக் கோடு போடுங்கள். டென்ட்டை எடுத்துவிட்டு, கோட்டுக்கு மூன்று விரல் உள்ளே வெட்டலாம். வெட்ட மனமில்லையென்றால் மடிக்கலாம். மடிப்பு மண்ணைப் பார்த்து, அடிப்பக்கமாகப் போக வேண்டும். மேல்பக்கம் மடித்தால் அந்த மடிப்பே வாய்க்கால் மாதிரி தண்ணீரைப் பிடித்து உள்ளே அனுப்பும். நெய்த தார்ப்பாயை வெட்டினால் ஓரம் இழை இழையாகப் பிரியும். அகலமான டேப்பை ஓரத்தில் இரு பக்கமும் மடித்து ஒட்டிவிட்டால் நிற்கும். மூலைகளில் பழைய சைக்கிள் ட்யூப்பை வளையமாக வெட்டிக் கட்டி, டென்ட் முளையிலேயே மாட்டிவிடுங்கள். ராத்திரி புரண்டு படுக்கும்போது விரிப்பு நகர்ந்து ஒரு பக்கம் எட்டிப் பார்க்காது.

ஆனால் எல்லா ஈரமும் மழை ஈரம் இல்லை. மூடிய டென்ட்டுக்குள் தூங்கும் ஒருவர் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஓர் இரவில் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீரை ஆவியாக விடுகிறார். இரண்டு பேர் என்றால் அரை லிட்டர். மலையில் டிசம்பர், ஜனவரி குளிரில் அந்த ஆவி போய்ப் படியும் இடங்கள் இரண்டு: டென்ட்டின் உள்சுவர், அப்புறம் குளிர்ந்து கிடக்கும் தரை. மழைக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டுப் படுத்தால் சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, வழிந்து, ஓரத்தில் தேங்கும். மெத்தைக்கு அடியில் தனியாக ஒரு ஈரம் இருக்கும். உடம்புச் சூட்டில் கீழே இறங்கும் ஆவி குளிர்ந்த தரையில் பட்டு நீராகிறது. மழையே பெய்யாத ராத்திரியிலும் இது நடக்கும். அதைப் பார்த்துவிட்டு "தார்ப்பாய் ஒழுகுகிறது" என்று முடிவு கட்டிப் புதிதாக வாங்குகிறவர்கள் நிறைய.

இன்னொரு இடமும் உண்டு. காலையில் விரிப்பைச் சுருட்டும்போது அதன் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட இருக்கும். மண்ணிலிருந்து எழும் ஈரம் விரிப்பின் அடியில் தட்டி நிற்கிறது, அவ்வளவுதான். அது விரிப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

எந்த ஈரம் என்று கண்டுபிடிக்க, விடிந்ததும் பொருட்களை வாரிச் சுருட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் தரையைத் தடவிப் பாருங்கள். சுவரோரம் மட்டும் ஈரம் என்றால் மூச்சுக்காற்று, காற்றோட்டம் போதவில்லை. மெத்தைக்கு அடியில் மட்டும், மெத்தை அளவுக்கே ஈரம் என்றால் அதுவும் ஆவிதான்; மெத்தை மெலிதாக இருக்கிறது. இடுப்பும் முழங்காலும் பட்ட இடத்தில் திட்டுத் திட்டாக இருந்தால் அடியிலிருந்து அழுத்தத்தில் ஏறிய தண்ணீர். மூலையில் ஆரம்பித்துப் பரவியிருந்தால் தையல் ஒழுகுகிறது. நான்குக்கும் மருந்து வேறு வேறு.

அந்த மூன்றாவது வகையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டென்ட் விளம்பரங்களில் 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று எண்கள் பார்த்திருப்பீர்கள். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் எவ்வளவு உயரத்தில் துணி கசியத் தொடங்குகிறது என்பதுதான் அந்த எண். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும். இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவர் படுத்தால் அந்த எடை சுமார் 3,000 சதுர சென்டிமீட்டரில் பரவும், 200 மி.மீ. தாங்கும் துணிகூடப் போதும். அவரே எழுந்து நின்றால் இரண்டு பாதமும் சேர்ந்து சுமார் 300 சதுர சென்டிமீட்டர், 2,000 மி.மீ. தேவை. மண்டியிட்டுப் பைக்குள் டார்ச் தேடினால் இரண்டு முட்டியும் சேர்ந்து 100 சதுர சென்டிமீட்டர்கூட வராது, 6,000 மி.மீ. கேட்கும். விலை குறைந்த டென்ட்களின் தரையில் 1,000 அல்லது 1,500 என்றுதான் போட்டிருக்கும். சிலவற்றில் எதுவுமே போட்டிருக்காது. அதனால்தான் மழையே ஏறாத கூரையும் ஒழுகும் தரையும் ஒரே டென்ட்டில் இருக்கின்றன. தரைக்கு அடியில் தேங்கிய தண்ணீர் இருந்தால்தான் இந்த முழு அழுத்தமும் வேலை செய்யும் என்பதையும் கவனியுங்கள். வெறும் ஈர மண் இவ்வளவு மோசம் செய்யாது. எனவே மறுபடியும் அளவுக்குத்தான் வருகிறோம்: தண்ணீர் தேங்க இடம் கொடுக்காதீர்கள்.

இப்போது கடைக்குப் போவோம்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு, வேறொன்றும் இல்லை. தண்ணீர் விடுமா விடாதா என்பதை அது சொல்லாது. நீலத் தார்ப்பாயின் உள்ளே இருப்பது ஹெச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் நாடாக்களால் நெய்த துணி. நெசவு என்றால் இடைவெளி இருக்கும். அதன் இரண்டு பக்கமும் பூசியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான் தண்ணீரைத் தடுக்கிறது. படலம் மெலிந்து, நெசவு மட்டும் கனமாக இருக்கும் 150 ஜிஎஸ்எம் சரக்கைவிட, படலம் ஒழுங்காகப் பிடித்த 90 ஜிஎஸ்எம் எவ்வளவோ மேல். கடைக்காரரிடம் "வாட்டர்புரூஃபா?" என்று கேட்டால் "நூறு சதவீதம் சார்" என்பார். புதுசாக இருக்கும்போது அது உண்மைதான். மடிப்பு விழுந்த கோட்டில்தான் படலம் முதலில் வெடிக்கும். கூழாங்கல் மேல் இரண்டு ராத்திரி படுத்தால் அடுத்து அங்கே. கடையிலேயே ஒரு முனையை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்; ஊசிமுனைப் புள்ளிகளாக வெளிச்சம் வந்தால் வேண்டாம். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் அழுத்திச் சுரண்டுங்கள். படலம் தோலாக உரிந்து வந்தால் அதுவும் வேண்டாம். ஐஎஸ் 7903 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருந்தால் நல்லது. அது இந்த நெய்த தார்ப்பாய்களுக்கான தரம்.

சில்பாலின் என்று நாம் பொதுவாகச் சொல்வது நெய்தது இல்லை. பிளாஸ்டிக் படலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிச் செய்வது. நெசவே இல்லாததால் ஊசித்துளைப் பிரச்சினை குறைவு, வெட்டினால் ஓரம் பிரியாது, அதே எடையில் கிழிசலையும் நன்றாகத் தாங்கும். நெல் காய வைக்கவும் பண்ணைக்குட்டைக்கும் கடலைக்கும் விவசாயிகள் இதைத் தேடி வாங்குவது இதனால்தான். உங்கள் அளவுக்கு 90 அல்லது 100 ஜிஎஸ்எம் தாராளமாகப் போதும். உங்கள் டென்ட் தரை சுமார் 3 சதுர மீட்டர்; 90 ஜிஎஸ்எம் என்றால் 270 கிராம், 200 ஜிஎஸ்எம் என்றால் 600 கிராம். காரில் போய் இறங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. முதுகில் சுமந்து ஏறுகிறவர்களுக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டின் எடை.

லாரிக்குப் போடும் பிவிசி படுதா வேண்டாம். 500 ஜிஎஸ்எம்முக்கு மேல் போகும் சரக்கு அது. மூன்று சதுர மீட்டரே ஒன்றரை கிலோ. பழைய ஃபிளெக்ஸ் பேனரைப் பற்றிப் பலர் கேட்பார்கள். கல்யாண பேனரும் கட்சி பேனரும் கழற்றிய பிறகு எடைக்குக் கிடைக்கும்; பாலியஸ்டர் வலையின் மேல் பிவிசி பூசியது, தண்ணீர் விடாது. காருக்குப் பக்கத்திலேயே தங்குகிறவர்களுக்கு, வாசலில் செருப்பு வைக்கவும் அடுப்படியில் விரிக்கவும் அருமையான பொருள். படுக்கைக்கு அடியில் எனக்குப் பிடிக்காது: வாடை, வழுக்கல், மடித்தால் மடியாத முரட்டுத்தனம், வெயிலில் கிடந்து விறைத்தால் மடிப்பிலேயே உடைகிறது. உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த படுதாவை விட்டுவிடுங்கள். படலம் பூசாத சாக்கு தண்ணீரை அப்படியே மேலே விடும்.

ஹார்டுவேர் கடையில் சுருளாக வைத்திருக்கும் வெறும் பாலிதீன் ஷீட்டைப் பலர் மதிப்பதில்லை. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. கேஜ் கணக்கில் விற்பார்கள். 100 கேஜ் என்றால் 25 மைக்ரான். 500 கேஜ் என்றால் 125 மைக்ரான். எடை கிட்டத்தட்ட 115 ஜிஎஸ்எம். நெசவும் இல்லை, ஒட்டும் இல்லை, ஒரே படலம். துளை விழாத வரை ஒரு சொட்டு ஏறாது. துளை விழுந்தால் சட்டென்று நீளமாகக் கிழியும் என்பதுதான் குறை. அதனால் மண்ணின் மேல் நேரடியாகப் போடுவதைவிட டென்ட்டுக்கு உள்ளே போட இது பொருத்தம். அதற்குப் பிறகு வருகிறேன்.

டைவெக் என்பது டூபாண்ட் நிறுவனத்தின் பொருள். மிக நுண்ணிய பாலிஎத்திலீன் இழைகளைச் சூட்டில் அழுத்திக் காகிதம் மாதிரி ஆக்கியது. 1955-ல் அங்கே ஆய்வகத்தில் தற்செயலாகக் கண்ட இழையிலிருந்து வந்தது, 1967-ல் வணிகத்துக்கு வந்தது. அமெரிக்காவில் மர வீடுகளின் வெளிச்சுவருக்கு மேல் போர்த்தும் தாள் இது. மழையை உள்ளே விடாது, சுவருக்குள் இருக்கும் ஆவியை வெளியே விடும். வீடு கட்டும் இடங்களில் மிஞ்சும் துண்டுகளை மலையேறுகிறவர்கள் டென்ட்டுக்கு அடியில் போட ஆரம்பித்து அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. சுமார் 60 ஜிஎஸ்எம். உங்கள் டென்ட்டுக்கு 180 கிராம். கல், முள் குத்துவதைத் தன் எடைக்கு மீறித் தாங்கும். புதிதில் சலசலவென்று சத்தம் போடும். சோப்பு இல்லாமல் ஒரு தடவை வாஷிங் மெஷினில் அலசினால் மெத்தென்று ஆகிவிடும். ஆனால் நனைந்த களிமண்ணின் மேல் முட்டி ஊன்றினால் தார்ப்பாய் அளவுக்கு நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இங்கே சாதாரணக் கடைகளில் கிடைக்காது, இணையத்தில் தேட வேண்டும், விலையும் கூடுதல். சுமை தூக்கி நாள்கணக்கில் நடக்கிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பேன். உங்களுக்குத் தேவையில்லை. குளிர்நாடுகளில் ஜன்னலில் ஒட்டும் மெல்லிய ஃபிலிமை விரிப்பாகப் பயன்படுத்துவதும் எடையைக் குறைக்கும் பைத்தியத்தில் வந்ததுதான். நம் ஊர் முட்காட்டுக்கு அது ஆகாது.

பிளாஸ்டிக் வருவதற்கு முன் இந்த வேலையை ரப்பர் செய்தது. ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மெக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே கரைத்த ரப்பரை வைத்து ஒட்டி 1823-ல் காப்புரிமை வாங்கினார். அந்தத் துணி வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறையை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த பிறகுதான் அது சரியானது. 1860-களின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் அப்படிப்பட்ட ரப்பர் விரிப்பை ராத்திரி மண்ணில் போட்டுப் படுத்தார்கள், பகலில் மழைக்கோட்டாகப் போர்த்திக்கொண்டார்கள். நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு அடியில் போடும் ரப்பர் ஷீட் அந்த வம்சம்தான். ஆஸ்பத்திரியில் நர்சுகள் இன்னமும் மெக்கின்டாஷ் என்றே கேட்பார்கள்.

எதை வாங்கினாலும் கிளம்புவதற்கு முன் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். குளியலறைத் தரையில் ஒரு துண்டைச் சொட்டச் சொட்ட நனைத்துப் போடுங்கள். அதன் மேல் விரிப்பு. விரிப்பின் மேல் டிஷ்யூ பேப்பர் அல்லது நியூஸ்பேப்பர் ஒரு தாள். அதன் மேல் மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு நிமிடம் கழித்து எழுந்து பாருங்கள். தாளில் ஈரப் புள்ளி விழுந்தால் அந்த விரிப்பு படுப்பதற்குத் தாங்கலாம், முட்டிக்குத் தாங்காது. விரிப்பின் இடத்தில் டென்ட் தரையை வைத்தும் இதையே செய்யலாம். வாங்கி மூன்று நான்கு வருடம் ஆன டென்ட்டாக இருந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

விரிப்பைவிட இடம் முக்கியம் என்பதை எவ்வளவு சொன்னாலும் தகும். டென்ட் போடப் பார்க்கும் இடத்தில் காய்ந்த சருகும் குச்சியும் வரிசையாக ஒதுங்கிக் கிடந்தால் முந்தின மழையில் அந்த வழியாகத் தண்ணீர் ஓடியிருக்கிறது. மண்ணின் மேல் மெல்லிய வண்டல் படிந்து பாளம் பாளமாக வெடித்திருந்தால் அங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது. இரண்டுமே வேண்டாம். முழுச் சமதளம் கண்ணுக்கு அழகாக இருக்கும், மழையில் குளமாகும். லேசான சரிவு நல்லது. தலை மேட்டில், கால் பள்ளத்தில். வறண்ட ஓடை மணலில் படுப்பது மெத்தை மாதிரி சுகம்தான், ஆனால் மலையில் மேலே எங்கோ பெய்த மழை நீங்கள் தூங்கும்போது காட்டாறாக இறங்கும். அங்கே எந்த விரிப்பும் காப்பாற்றாது.

டென்ட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டும் பழைய சாரணர் வழக்கத்தை இன்னும் சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மன்னவனூர், பூம்பாறை பக்கம் இருக்கும் சரிவுகளில் புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு ராத்திரிக்காக வெட்டிய கோட்டில் அடுத்த மழை இறங்கி, அடுத்த வருடம் அது ஓர் அடி ஆழப் பள்ளமாகும். கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த மாதங்களில் வாய்க்கால் வெட்டித் தப்பிக்கலாம் என்று நினைப்பதற்குப் பதில் கூரையுள்ள இடத்தில் தங்கிவிடலாம். விரிப்பை ஒரே புல்தரையில் இரண்டு நாளுக்கு மேல் வைத்தாலும் அடியில் புல் வெந்து மஞ்சளாகிவிடும். பகலில் டென்ட்டைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் டென்ட் போடக் கூடாது என்பது தெரிந்திருக்கும். நீங்கள் தோட்டத்தில் தங்கியது சரியான முடிவு.

உள்ளே விரிப்பதா, வெளியே விரிப்பதா என்று ஒரு பழைய வாக்குவாதம் உண்டு. வெளியே போடுவது டென்ட்டைக் காக்க. கல்லும் முள்ளும் தரைத் துணியைத் தேய்க்காமல் இருக்கும், கழுவவும் எளிது. உள்ளே போடுவது உங்களைக் காக்க. டென்ட் தரை ஒழுகினாலும் படுக்கைக்கு வராது. மழைக்காலத்தில் நான் இரண்டையும் செய்வேன். அடியில் அளவாக வெட்டிய சில்பாலின். உள்ளே 500 கேஜ் பாலிதீன், தரையைவிடச் சுற்றிலும் அரை அடி பெரிதாக, ஓரங்களைச் சுவரோரம் மேலே தூக்கி, பைகளை வைத்து முட்டுக்கொடுத்து. வெளியே விரிப்பு சிறிதாக இருக்க வேண்டும், உள்ளே விரிப்பு பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைவில் வைத்தால் போதும். மெத்தைக்கு அடியில் ஆவி ஈரம் சற்றுக் கூடுதலாக இருக்கும். காலையில் ஒரு துணியால் துடைத்துவிடலாம். சுவரில் வழியும் நீர் அந்தப் பாலிதீனுக்கு வெளியே இறங்கும்படி ஓரங்களைச் சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளி நிறுத்துங்கள்.

டென்ட்டே இல்லாமல் திறந்த வெளியில் படுக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் சாலையோரம் பாலிதீன் ஷீட் விரித்துப் படுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தை மாதத்தில் அவர்களுக்குப் பிரச்சினை தரை ஈரம் மட்டும் இல்லை, ராத்திரியில் படியும் பனியும்தான். தெளிந்த வானத்துக்குக் கீழே வெறுமனே கிடக்கும் ஷீட் சீக்கிரம் குளிர்ந்து, அதன் மேலேயே பனி கோத்துக்கொள்ளும். உடம்புக்கு அப்பால் நீட்டியிருக்கும் பாகத்தில் சேரும் பனிநீர் உருண்டு வந்து போர்வையை நனைக்கும். ஒரு மரத்தடியோ, கடை வாசல் கூரையோ, தலைக்கு மேல் கட்டிய இன்னொரு ஷீட்டோ இருந்தாலே இது பெரிதும் குறைந்துவிடும்.

விரிப்பு ஈரத்தைத்தான் நிறுத்தும், குளிரை நிறுத்தாது. எவ்வளவு கனமான தார்ப்பாயானாலும் அப்படித்தான். உடம்புச் சூட்டை மண் இழுத்துக்கொள்வதைத் தடுப்பது காற்றைப் பிடித்து வைத்திருக்கும் ஃபோம். பஞ்சு மெத்தையும் போர்வை மடிப்பும் உடல் எடையில் நசுங்கிப் பயனற்றுப் போகும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள, தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் பாய் வாங்குங்கள். ஒரு பக்கம் வெள்ளி ஃபாயில் ஒட்டியிருக்கிறதா என்பதைவிடத் தடிமன்தான் முக்கியம். உங்கள் மெத்தை நனைந்தது பஞ்சு என்பதால். ஃபோமாக இருந்திருந்தால் துடைத்துவிட்டுப் படுத்திருக்கலாம்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்றை விடாமல் செய்யுங்கள்: ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். தார்ப்பாய்க்கு அதனால் பெரிய கேடு இல்லை, பூசணம் பிடிக்கும், கழுவினால் போகும். டென்ட் தரையின் உள்பக்கத்தில் இருக்கும் பாலியூரித்தேன் பூச்சுக்குத்தான் ஆபத்து. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதியியல் ரீதியாகவே சிதைந்து பிசுபிசுவென்று ஒட்டும், புளித்த வாடை வரும். அந்த நிலைக்கு வந்தால் மீட்க வழியில்லை. சென்னை மாதிரி கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். டென்ட்டை இறுக்கிய பையில் பரணில் வைக்காமல், தளர்வான துணிப்பையில் காற்றாட வையுங்கள். தார்ப்பாயை ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் மடிக்காமல் சுருட்டி வையுங்கள். ஓட்டை விழுந்தால் பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. தார்ப்பாய்க்கென்றே விற்கும் டேப்பை இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். தார்ப்பாய்க் கடைகளில் சூடான காற்றால் ஒட்டுப் போட்டும் தருவார்கள். அடுப்பை விரிப்பின் மேல் வைக்கவே வைக்காதீர்கள். இந்தப் பிளாஸ்டிக்குகள் 110 முதல் 130 டிகிரியிலேயே உருகிவிடும்.

ஆக, உங்களுக்கு என் பதில்: இருக்கிற நீலத் தார்ப்பாயே போதும், இப்போதைக்குப் புதிதாக வாங்க வேண்டாம். அதை மடித்தோ வெட்டியோ டென்ட்டைவிடச் சிறிதாக்குங்கள். மேல் துணிக்கும் உள் டென்ட்டுக்கும் நடுவே காற்று போகும்படி மேல் ஜன்னல்களைத் திறந்தே வையுங்கள். மிச்சமாகும் பணத்தில் இரண்டு ஃபோம் பாயும், உள்ளே போட ஒரு பாலிதீன் ஷீட்டும் வாங்குங்கள். பாலிதீனை அங்கேயே விட்டுவிட்டு வராமல் கழுவி மறுபடி மறுபடி பயன்படுத்துங்கள். மலைகளில் மாடும் மானும் அதைத் தின்னும். கிளம்பும் காலையில் எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு கடைசியாக விரிப்பை எடுத்து உதறி, அதற்கென்று தனியாக ஒரு பையில் போட்டு, மற்ற மூட்டைகளோடு சேர்க்காமல் வண்டியில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் பிரிக்க வேண்டிய பை அதுதான்.